நீக்கும் முன் நோக்குக

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவுமண், இன்றும் அங்கே குன்றுகளாக நிற்கிறது. அம்மண்ணிலும் சிறிதளவு பொன் எஞ்சியுள்ளது. கணினியில் கழிவென்று கருதிக் கோப்புகளை நீக்குவோரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

சுரங்கத்தில் உழைத்த நம் முன்னோரின் ஒளிப்படங்களையும் குரற்பதிவுகளையும் 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தரவுத்தளத்தில் சேமிப்பதாகக் கொள்வோம். இவை இருமக் கோப்புகள் எனப்படும். பெயர், ஆண்டு முதலிய விவரங்களும் கோப்பின் எண்ணும் அட்டவணையில் இருக்கும். பெரிய கோப்போ வேறிடத்தில் இருக்கும். ஆதலால், அட்டவணையில் ஒரு வரியை நீக்கினாலும் கோப்பு தானாக நீங்காது. வீணே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய கோப்புகளைத் தேடி நீக்குவதற்கு 'வேக்கும்லோ' என்னும் துணைநிரல் உள்ளது. அதனை அமைக்குங்கால் மூன்று செயல்கள் இன்றியமையாதவை.

1. கோப்பெண்ணை 'ஓஐடி' அல்லது 'எல்ஓ' வகைப் பத்தியிலேயே எழுதுதல் வேண்டும். சாதாரண எழுத்தாக எழுதினால், நிரல் அதனைக் காணாது. பயன்பாட்டிலுள்ள படத்தையும் அழித்துவிடும்.

2. முதலில் '-என்' என்னும் விருப்பத்தேர்வுடன் இயக்குதல் வேண்டும். அப்போது நிரல் எதனையும் நீக்காது. நீக்க இருப்பதை மட்டும் தெரிவிக்கும்.

3. தரவுத்தளம் முழுவதற்கும் நகல் எடுத்து, அந்நகல் திறக்கிறதா எனச் சோதித்தல் வேண்டும்.

இவை முடிந்த பின்னரே, குறித்த நாளில் தானே இயங்குமாறு நிரலை அமைக்கலாம். குன்றில் எஞ்சிய பொன்னை மீண்டும் பிரித்தெடுக்க வழியுண்டு. நகலின்றி அழிந்த பாட்டனார் படத்தை மீட்டல் அரிது.