ஓடமே வீடாக

தென் அமெரிக்காக் கண்டத்தின் தென்கோடியில் 'தியரா டெல் பியூகோ' என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. 1520-ஆம் ஆண்டில் மெகல்லன் என்னும் மாலுமி அவ்வழியே கலஞ் செலுத்திச் சென்றபோது, கரையிற் பல இடங்களில் தீயும் புகையும் எழக் கண்டார். அதனால் 'நெருப்பு நாடு' என்னும் பொருள்படும் அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். பெயர் நெருப்பைக் குறிப்பினும், அது குளிரும் மழையும் குடிகொண்ட நாடாகும். கோடையிலும் அங்குச் சராசரி வெப்பம் சுமார் 10 பாகையே. மேல்காற்று ஓயாது வீசும். ஒரே நாளில் வெயிலும் மழையும் ஆலங்கட்டியும் மாறி மாறி வரும். மலைகள் கடலினின்றும் செங்குத்தாக எழுவதால் கரை வழியே நடந்து செல்லுதல் அரிது. தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய கால்வாய்களே அங்குப் பெருவழிகள்.

இக்கால்வாய்களில் ஓடத்தையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர் யாகன் என்னும் இனத்தார். கடலை நம்பி வாழும் வாழ்க்கை அங்கு 6,000 ஆண்டுகளுக்கு மேலாக நிலவியது என்பதைக் கரையோரத்துச் சிப்பி ஓட்டு மேடுகள் காட்டுகின்றன.

அவர்களுடைய ஓடம் மரப்பட்டையால் ஆயது. பீச் மர இனத்தைச் சேர்ந்த, என்றும் பசுமை மாறா மரம் ஒன்று அங்கு வளர்கிறது. அதன் பட்டையைப் பெரும் பாளங்களாக உரித்தெடுத்து, திமிங்கிலத்தின் வாயிலுள்ள வலிய நாரால் இணைத்துத் தைப்பர். உள்ளே வளைந்த மரச்சட்டங்களைப் பொருத்துவர். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள அவ்வோடத்தில் ஒரு குடும்பம் முழுவதும் செல்லும். தையல் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்குமாதலின், அதனை இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

ஓடத்தில் ஒவ்வொருவர்க்கும் ஓர் இடமும் ஒரு பணியும் உண்டு. அணியம் எனப்படும் முன்புறத்தில் ஈட்டியுடன் ஆடவன் இருப்பான். கடல்நாயை வேட்டையாடுதல் அவன் தொழில். அமரம் எனப்படும் பின்புறத்தில் துடுப்பு வலிப்பவள் பெண். நடுவில் மண்ணும் புற்கரணையும் பரப்பி, அதன்மேல் தீ வளர்ப்பர். தீ அணையாமற் காப்பதும் நீரை இறைப்பதும் சிறுவர் கடமை. மரப்பட்டை ஓடத்தில் தீ வளர்ப்பது வியப்பாகத் தோன்றலாம். ஈர மண்ணின் மேல் எரிவதால் அத்தீ பட்டையைத் தாக்குவதில்லை. மழை ஓயாத நாட்டில் உலர்ந்த சுள்ளி கிடைத்துப் புதிதாகத் தீ மூட்டுவது எளிதன்று. ஆகவே, போகுமிடமெல்லாம் தணலையும் உடன் கொண்டு சென்றனர்.

அவர்கள் மிகக் குறைந்த ஆடையே அணிந்தனர். நனைந்த ஆடை உடலோடு ஒட்டி வெப்பத்தைக் கவர்ந்துவிடும். கொழுப்புப் பூசிய உடலிலோ நீர் தங்காது. தீயருகில் விரைவில் உலர்ந்துவிடும்.

மாலையில் கரை சேர்ந்தால், குடும்பத்தார் இறங்கிக் கிளைகளால் குடில் அமைப்பர். கற்கள் நிறைந்த கரையில் இழுத்தால் மெல்லிய பட்டை கிழியும். ஆதலின் பெண் ஓடத்தைச் சற்று அப்பாற் செலுத்தி, நீருள் அடர்ந்து வளர்ந்த கடற்பாசிக் கொடிகளிற் பிணித்துவிட்டு, உறைய வைக்கும் நீரில் நீந்திக் கரை சேர்வாள். நீரில் மூழ்கிச் சிப்பி எடுப்பவளும் அவளே. ஆடவருட் பலர்க்கு நீந்தத் தெரியாது. பெண்களோ இளமையிலேயே நீந்தக் கற்றனர்.

1832-ஆம் ஆண்டின் இறுதியில் பீகிள் என்னும் கப்பலில் அங்குச் சென்ற சார்லஸ் டார்வின், இவர்களைப் போல் இரங்கத்தக்க மக்களை எங்கும் கண்டதில்லை என்று கருதினார். பனிமழையில் ஆடையின்றிக் குழந்தைக்குப் பாலூட்டிய தாய் ஒருத்தியைக் கண்டு திகைத்தார். அம்மக்களிடையே பல்லாண்டுகள் வாழ்ந்த தாமஸ் பிரிட்ஜஸ் என்னும் சமயத் தொண்டரோ, யாகன் மொழியைக் கற்று, ஏறத்தாழ 32,000 சொற்கள் அடங்கிய அகராதியைத் தொகுத்தார். சில நாள் நோக்கியவர்க்கு வறுமையாகத் தோன்றிய வாழ்க்கையுள் இத்துணைப் பெரிய சொற்செல்வம் இருந்தது!

ஆயினும் அச்செல்வம் நிலைக்கவில்லை. வெளிநாட்டு வேட்டைக் கப்பல்கள் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் பெருமளவில் அழித்தன. வந்தேறியவர்களுடன் அம்மை முதலிய நோய்களும் வந்தன. 1884-ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை பலரைக் கொன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 3,000 பேராக இருந்த இனம் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் சில நூற்றுவராகக் குறைந்தது. யாகன் மொழியைத் தாய்மொழியாகப் பேசியோருள் கடைசியாக எஞ்சியவர் கிறிஸ்தினா கால்தெரோன் என்னும் மூதாட்டி. அவர் 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 93-ஆம் வயதில் மறைந்தார். அவ்வினத்தின் வழித்தோன்றல்கள் நவரினோ என்னும் தீவில் இன்றும் வாழ்கின்றனர். முன்னோர் மொழியையும் கூடை முடையும் கலையையும் காக்க முயல்கின்றனர்.

ஒரு மக்களின் அறிவை அவர்தம் உடையும் உறையுளும் கொண்டு அளத்தல் பிழையாகும். பட்டையும் நாரும் மண்ணும் கொண்டு, குளிர்ந்த கடலின் நடுவே அணையாத அடுப்பை அமைத்தவர்களின் அறிவு போற்றத்தக்கது அன்றோ!