வரி போனது, வாசல் திறக்கவில்லை

திரிபுராவின் தலைநகரான அகர்தலாவிலிருந்து கொல்கத்தா துறைமுகத்துக்கு ஒரு லோடு சரக்கு போக வேண்டுமென்றால், லாரி ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். அசாம் வழியாக வடக்கே ஏறி, சிலிகுரியின் குறுகலான நிலப்பட்டையைத் தாண்டி, மறுபடியும் தெற்கே இறங்க வேண்டும். வங்கதேசத்தின் ஊடாக நேராகப் போனால் இதே பயணம் 450 கிலோமீட்டர்தான். அதைவிடப் பக்கத்தில், சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலேயே வங்கதேசத்தின் சட்டோகிராம் துறைமுகம் இருக்கிறது. எல்லை திறந்து அந்தத் துறைமுகத்தைப் பயன்படுத்த முடிந்தால் அகர்தலா வணிகர்களின் போக்குவரத்துச் செலவு 80 சதவீதம் குறையும் என்று 2021-இல் உலக வங்கி கணக்கிட்டது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்திய நிறுவனம் ஒன்று வங்கதேசத்தோடு வணிகம் செய்வதைவிட, பிரேசிலோடும் ஜெர்மனியோடும் செய்தால் 15 முதல் 20 சதவீதம் செலவு குறைவு. பிரேசில் இருப்பது பூமிப்பந்தின் மறுபக்கத்தில். வங்கதேசத்தோடு இந்தியாவுக்கு 4,000 கிலோமீட்டருக்கும் நீளமான எல்லை இருக்கிறது. இரு நாடுகளுக்கிடையே அதிகச் சரக்கு கடக்கும் பெட்ராபோல்–பெனாபோல் வாசலைத் தாண்ட லாரிகளுக்குப் பல நாட்கள் பிடித்தன. அதே அளவு சரக்கைக் கையாளும் கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் அந்த வேலை ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் பிம்ஸ்டெக். வங்காள விரிகுடாவைச் சுற்றியும் அதை நம்பியும் வாழும் ஏழு நாடுகள் இதன் உறுப்பினர்கள். 1997 ஜூன் 6 அன்று பாங்காக்கில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் இதைத் தொடங்கின. அந்த ஆண்டின் இறுதியிலேயே மியான்மர் சேர்ந்தது. கடற்கரையே இல்லாத நேபாளமும் பூட்டானும் 2004-இல் உள்ளே வந்தன. உலக மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஏழு நாடுகளில் வாழ்கிறது.

தெற்காசியாவுக்கென்று ஏற்கெனவே சார்க் இருந்தது. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் உச்சிமாநாடு நடக்கவே இல்லை. 2016-இல் இஸ்லாமாபாதில் நடக்கவிருந்த மாநாடு இந்தியா–பாகிஸ்தான் பகையில் நின்றுபோனது. அதே ஆண்டு கோவாவில் நடந்த பிரிக்ஸ் கூட்டத்துக்கு பிம்ஸ்டெக் தலைவர்களை இந்தியா அழைத்தது. அதுவரை ஓரமாகக் கிடந்த அமைப்பின் மீது திடீரென்று வெளிச்சம் விழுந்தது. பாகிஸ்தான் இல்லாததால் இங்கே வேலை நடக்கும் என்ற நம்பிக்கை டெல்லியில் பரவியது.

வேலை நடந்ததா? காகிதத்தில் பார்த்தால் மெதுவாக நடந்திருக்கிறது. டாக்காவில் நிரந்தரச் செயலகம் திறக்க 17 ஆண்டுகள் ஆயின. அமைப்புக்கு ஒரு சாசனம் கையெழுத்தாக 25 ஆண்டுகள் ஆயின. கொழும்பில் 2022 மார்ச்சில் கையெழுத்தான அந்தச் சாசனம் 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. தடையற்ற வணிகத்துக்கான அடிப்படை ஒப்பந்தம் 2004-இலேயே போடப்பட்டது. அதன் பிறகு பேச்சுவார்த்தைக் குழு இருபது முறைக்கு மேல் கூடியும் முழு ஒப்பந்தம் பிறக்கவில்லை. எந்தப் பொருளுக்கு வரி குறைப்பது, எதற்குக் காப்பு வேண்டும், ஒரு பொருளை எந்த நாட்டில் விளைந்ததாகக் கணக்கு வைப்பது என்ற கேள்விகளில் பேச்சு சிக்கிக் கிடக்கிறது.

இந்த வணிக ஒப்பந்தம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பரவலான எண்ணம். வங்கதேசத்தின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. தெற்காசியத் தடையற்ற வணிக உடன்பாட்டின் கீழ், வளர்ச்சியில் பின்தங்கிய நாடுகளின் பொருட்களுக்கு 2011 இறுதியிலிருந்து இந்தியா சுங்க வரியை நீக்கியது. மது, புகையிலை வகையைச் சேர்ந்த 25 பொருட்கள் மட்டுமே விலக்கு. அதாவது வங்கதேசச் சட்டைக்கும் பிஸ்கட்டுக்கும் இந்திய வாசலில் வரி பூஜ்யம். பதினான்கு ஆண்டுகளாக அப்படித்தான். ஆனாலும் தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது 5 சதவீத அளவிலேயே நிற்கிறது. ஆசியான் நாடுகளில் இது சுமார் 25 சதவீதம்.

வரி போன இடத்தில் வேறு தடைகள் உட்கார்ந்துகொண்டன. எல்லை நிலையங்கள் பலவற்றில் உணவுப் பொருளைச் சோதிக்க ஆய்வகம் கிடையாது. மாதிரி தொலைதூர நகரத்துக்குப் போய் முடிவு திரும்பும்வரை சரக்கு காத்துக் கிடக்கும். ஒரு நாட்டு லாரி மறுநாட்டுக்குள் நெடுந்தூரம் போக முடியாது. எல்லையில் சரக்கை இறக்கி, மறுபக்கத்து லாரியில் ஏற்ற வேண்டும். இதை மாற்றத்தான் 2015 ஜூனில் திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தம் போட்டன. பூட்டானின் மேலவை அதை ஏற்க மறுத்தது. சிறிய மலைநாட்டின் சாலைகளில் வெளிநாட்டு லாரிகள் நிறைந்துவிடும், சுற்றுச்சூழல் கெடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். மற்ற மூன்று நாடுகள் தங்களுக்குள் தொடங்கலாம் என்று பூட்டானே வழிவிட்டும், இத்தனை ஆண்டுகளில் அந்த லாரிகள் வழக்கமாக ஓடத் தொடங்கவில்லை என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வாசல் எவ்வளவு எளிதாகச் சாத்தப்படும் என்பதை 2025 காட்டியது. ஏப்ரல் 4 அன்று பாங்காக்கில் ஆறாவது பிம்ஸ்டெக் உச்சிமாநாடு நடந்தது. தலைவர்கள் கைகுலுக்கினார்கள், மாநாட்டையொட்டிக் கடல்வழிப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்கே நாட்களில், ஏப்ரல் 8 அன்று, வங்கதேசச் சரக்கு இந்திய நிலவழியாக நம் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் வந்து மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த வசதியை இந்தியா விலக்கிக்கொண்டது. அடுத்த வாரமே, இந்தியாவிலிருந்து நிலவழியாக நூல் வருவதை வங்கதேசம் நிறுத்தியது. மே 17 அன்று வங்கதேச ஆயத்த ஆடைகள் எந்த நில வாசல் வழியாகவும் வரக்கூடாது என்று இந்தியா அறிவித்தது. மும்பைக்கு அருகிலுள்ள நவ சேவா, கொல்கத்தா ஆகிய இரண்டு துறைமுகங்கள் மட்டுமே மிஞ்சின. பழச்சாறு, பிளாஸ்டிக் போன்ற சில பொருட்களுக்கு வடகிழக்கு மாநிலங்களின் எல்லை நிலையங்கள் மூடப்பட்டன.

வரி அப்போதும் பூஜ்யம்தான். ஒரு பைசா வரி கூட்டாமலே வணிகத்தை முடக்க முடிந்தது.

2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து டெல்லிக்கும் டாக்காவுக்கும் இடையே கசப்பு இருந்தது என்பது உண்மை. ஆனால் இரு அரசுகளின் கசப்புக்கு விலை கொடுத்தவர்கள் யார்? இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்கும் நாடு வங்கதேசம். நூற்பாலைத் தொழிலாளி, சட்டை தைக்கும் டாக்கா பெண், எல்லை ஊரில் சுமை தூக்குபவர், லாரி ஓட்டுநர் ஆகியோரின் கூலியில்தான் அந்த அறிவிப்புகள் கை வைத்தன.

இதே கசப்பான ஆண்டில் ஒன்று மட்டும் தடைபடாமல் ஓடியது. அது மின்சாரம். 2025 ஜூன் 15 முதல் நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்கதேசத்துக்குப் பாயத் தொடங்கியது. அளவு சிறியது. நடந்த காரியம் பெரியது. மூன்று நாடுகள் சேர்ந்து தெற்காசியாவில் தொடர்ச்சியாக மின் வணிகம் செய்வது அதற்கு முன் நடந்ததில்லை.

இதன் கணக்கு எளிமையானது. மழைக்காலத்தில் நேபாள ஆறுகள் பெருகும்போது அங்கே மின்சாரம் மிஞ்சுகிறது, குளிர்காலத்தில் பற்றாக்குறை வருகிறது. வங்கதேசத்துக்கோ வெயிலும் மழையுமான மாதங்களில்தான் தேவை அதிகம். அதனால் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை ஐந்து மாதம் விற்பது என்று முடிவானது. யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட் விலை. பீகாரின் முசாபர்பூரில் அளந்து இந்தியா பெற்றுக்கொள்ளும். மேற்கு வங்கத்தின் பகராம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பெராமாராவுக்கு 2013 முதல் ஓடும் உயர் அழுத்தப் பாதை வழியாக மறுபக்கம் போகும். நேபாள மின் ஆணையம், வங்கதேச மின் வாரியம், இந்தியாவின் என்டிபிசி வித்யுத் வியாபார் நிகாம் ஆகிய மூன்றும் 2024 அக்டோபர் 3 அன்று காத்மாண்டுவில் கையெழுத்திட்டன. ஹசீனா பதவி இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் மின்சாரம் அனுப்பிப் பார்த்தார்கள். அடுத்த ஜூனில், ஆடைகளுக்கு வாசல் அடைக்கப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சொன்ன தேதியில் மின்சாரம் போனது.

ஆடைக்கு நேர்ந்தது மின்சாரத்துக்கு ஏன் நேரவில்லை? விலை, அளவு, தேதி, அளக்கும் இடம் என எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தன. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வழிவிடுபவருக்கும் ஆளுக்கொரு வருமானம் இருந்தது. நிறுத்தினால் மூவருக்கும் நட்டம். பிராந்திய ஒத்துழைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த 40 மெகாவாட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு வங்காள விரிகுடாவைச் சுற்றி இன்று இல்லை.

பெரிய கனவுகளின் நிலை வேறு. மணிப்பூரின் மோரேவில் தொடங்கி மியான்மரைக் கடந்து தாய்லாந்தின் மே சோட்டில் முடியும் முத்தரப்பு நெடுஞ்சாலை 2002-இல் பேசப்பட்டது. நீளம் சுமார் 1,360 கிலோமீட்டர். மியான்மர் பகுதியில் 69 பழைய பாலங்களை மாற்றும் பொறுப்பை இந்தியா ஏற்றது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து உள்நாட்டுப் போர் மூண்டதோடு அந்தப் பாதையின் பல பகுதிகள் போர்க்களமாயின. 2023 மே மாதம் வெடித்த மணிப்பூர் வன்முறை இந்தப் பக்கத்தையும் அடைத்தது.

அந்த நெடுஞ்சாலையின் தொடக்கப் புள்ளியில் தமிழர்கள் வாழ்கிறார்கள். 1960-களில் பர்மாவில் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது அகதிகளாகத் தமிழகம் திரும்பியவர்களில் சிலர், பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று நிலவழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேவிலேயே தங்கினார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் எழுப்பினார்கள், கடை வைத்தார்கள், எல்லை வணிகத்தில் நிலைத்தார்கள். எல்லை திறந்தால் வாழ்வு, அடைபட்டால் ஊர்மாற்றம் என்பது அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டு அறிந்த ஒன்று.

காலடான் திட்டத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். கொல்கத்தாவிலிருந்து கடல்வழியாக மியான்மரின் சித்வே, அங்கிருந்து ஆற்றுவழியாகப் பலெட்வா, பிறகு சாலைவழியாக மிசோரம் என்பது திட்டம். 2008-இல் ஒப்பந்தமாகி, 2023 மே மாதம் சித்வேயில் முதல் கப்பல் சரக்கு இறக்கியது. எட்டே மாதத்தில் பலெட்வா நகரம் கிளர்ச்சியாளர்களான அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது.

சாலை அடைபட்ட இடத்தில் கடல் திறந்துதான் கிடக்கிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ரனோங் துறைமுகத்தோடு சென்னை, விசாகப்பட்டினம், கொல்கத்தா துறைமுகங்கள் 2019-இல் உடன்பாடு செய்தன. மலாக்கா நீரிணையைச் சுற்றாமல் நேராக வந்தால் 10 முதல் 15 நாள் பயணம் 7 நாளாகக் குறையும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. இலங்கை உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றபின் சுமார் நாற்பது ஆண்டுகள் இரு கரைகளுக்கும் இடையே நிலையான பயணிகள் கப்பல் இல்லாமல் இருந்ததை நினைத்தால், இந்தச் சிறு தொடக்கத்தின் அருமை புரியும். பயணிகளோடு சிறு வணிகர்களின் சரக்குக்கும் அதில் இடம் வேண்டும்.

பிம்ஸ்டெக்கின் தலைமைப் பொறுப்பு இப்போது வங்கதேசத்திடம் இருக்கிறது. முழு வணிக ஒப்பந்தத்துக்காக இன்னும் இருபது சுற்றுகள் காத்திருக்கத் தேவையில்லை. எல்லை நிலையங்களில் ஆய்வகம் அமைக்கலாம். ஒரு நாட்டின் சோதனைச் சான்றிதழை மறுநாடு ஏற்கலாம். 2023 நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட அகர்தலா–அகௌரா ரயில் பாதையில் ரயிலை ஓட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நில வாசலையும் முன்னறிவிப்பு இல்லாமல் மூடுவதில்லை, ஏற்கெனவே பெற்ற ஆர்டர்களுக்கு மூன்று மாதமாவது அவகாசம் தருவது என்று ஏழு நாடுகளும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். இதில் முதல் கையெழுத்து இந்தியாவுடையதாக இருக்க வேண்டும். மற்ற ஆறு நாடுகளோடும் நிலத்திலோ கடலிலோ எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே உறுப்பினர் இந்தியாதான்.