பால் ஸ்டோரில் நடந்ததும் வேதியியல்தான்

படிவம் 3 முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான். கிமியா எடுக்கலாமா, வேண்டாமா? புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் மாணவர்களிடம் கேட்டுப் பார்ப்பேன். "வேண்டாண்ணே, ரொம்பக் கஷ்டம்" என்பதுதான் அதிகம் கிடைக்கும் பதில்.

நானும் அப்படி ஓடியவன்தான். தனிம அட்டவணையை முதலில் பார்த்தபோது வாகன எண்களை யாரோ கட்டம் கட்டி எழுதியதுபோல் இருந்தது. பிறகு தமிழியல் படித்துப் பிழைத்துக்கொண்டேன். ஆனால் மருத்துவம், மருந்தியல், மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவு என்று நம் பெற்றோர் கனவு காணும் பல படிப்புகளுக்கு எஸ்.பி.எம். வேதியியல்தான் வாசல். பதினாறு வயதில் அந்தக் கதவைச் சாத்திவிட்டால் பிறகு திறப்பது எளிதல்ல.

அண்மையில் படிவம் 5 வேதியியல் பாடநூலைப் புரட்டினேன். நான்காவது பாடம் 'போலிமர்'. அதில் ரப்பர் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைக்கும் சோதனை இருக்கிறது. அதைப் படித்ததும் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். அம்மாவின் அம்மா. இருட்டோடு பெரட்டுக்குப் போய், மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்தவர். பள்ளிக்கூடத்தில் இன்று மதிப்பெண் கொடுக்கும் பாடத்தை அவர் தலைமுறை அன்றாடக் கூலிக்குச் செய்தது.

அந்தப் பாலிலிருந்தே தொடங்குவோம்.

ரப்பர் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். ரப்பர் மிகச் சிறிய துகள்களாக அதில் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதம் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு எதிர்மின்சுமை உண்டு. ஒரே வகைச் சுமை கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். அதனால் துகள்கள் ஒட்டாமல் விலகி நிற்கின்றன, பாலும் பாலாகவே இருக்கிறது.

அமிலத்தை ஊற்றினால் அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்சுமையோடு வந்து துகள்களின் எதிர்மின்சுமையைத் தீர்த்துவிடுகின்றன. தள்ளும் விசை போனதும் துகள்கள் மோதிக்கொள்கின்றன. உறை கிழிகிறது. உள்ளே சுருண்டு கிடந்த ரப்பர் சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தட்டில் ஊற்றிய பால் வெள்ளைக் கட்டியாவது இப்படித்தான்.

அமிலம் ஊற்றாமல் விட்டாலும் மறுநாள் பால் உறைந்துதான் போகும். காற்றிலிருந்தும் மங்கிலிருந்தும் வந்து சேரும் பாக்டீரியாக்கள் பாலில் பெருகித் தாங்களே அமிலத்தை உண்டாக்கிவிடும். மங்கில் கிடக்கும் கட்டிப்பால் அப்படி வந்ததே. பால் உறையக்கூடாது என்றால் அமோனியா விடுவார்கள். கண்ணை எரிக்கும் அந்த வாடை பழைய தோட்டத்துக்காரர்களுக்கு மறக்காது. அமோனியா தண்ணீரில் கரைந்து ஹைட்ராக்சைடு அயனிகளைத் தருகிறது. அவை அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து வெறும் தண்ணீராகிவிடுகின்றன. படிவம் 4 நூலில் 'அமிலம், காரம், உப்பு' என்ற ஆறாவது பாடத்தில் நடுநிலையாக்கம் என்று வருவது இதுதான்.

ஸ்டோரில் ஊற்றியது பெரும்பாலும் பார்மிக் அமிலம். பாடநூல் அதை மெத்தனோயிக் அமிலம் என்கிறது. இரண்டும் ஒன்றே. லத்தீன் மொழியில் எறும்புக்கு 'பார்மிகா' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்துத்தான் இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தில் ஏறும்போது கெரெங்கா எறும்பு கடித்து எரிந்திருக்கிறதா? அந்த எரிச்சலும் இதே அமிலத்தின் வேலை. கடைக்கு வரும் பார்மிக் அமிலம் நூற்றுக்கு 85 அல்லது 90 பங்கு வீரியம் கொண்டது. அதைத் தண்ணீரில் கலந்து சில பங்கு வீரியத்துக்குக் குறைத்த பிறகே பாலில் ஊற்றுவார்கள். எத்தனை வாளித் தண்ணீருக்கு எத்தனை குவளை அமிலம் என்று ஸ்டோரில் போட்ட கணக்கும், மாணவர்கள் திணறும் நீர்த்தல் கணக்கும் ஒரே கணக்குதான். அங்கே கணக்குப் பிசகினால் மதிப்பெண்ணோடு போகாது, தோல் வெந்துபோகும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

இனி பிணைப்பு. ரப்பர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஐசோபிரீன். 5 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. இப்படிப் பல ஆயிரம் கண்ணிகள் கோத்தால் ஒரு ரப்பர் மூலக்கூறு. கார்பன் ஏன் இப்படிக் கோத்துக்கொண்டே போகிறது?

இதற்குப் பதில் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. கார்பன் நிற்கும் தொகுதி 14. 18-இலிருந்து 14-ஐக் கழித்தால் 4. கார்பனுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் தொகுதி 15, அதற்கு மூன்று கைகள். அமோனியாவில் ஒரு நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜனைப் பிடித்திருப்பது அதனால்தான். ஆக்சிஜனும் கந்தகமும் தொகுதி 16, இரண்டு கைகள். குளோரின் தொகுதி 17, ஒரே கை. கை என்று நான் சொல்வது, வெளிச்சுற்றில் எட்டு எலக்ட்ரான் நிறைய இன்னும் எத்தனை தேவை என்ற எண்ணிக்கையை. இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பங்கிட்டுக்கொண்டால் அது சகப்பிணைப்பு, மலாயில் 'இக்காத்தான் கோவாலென்'. இந்தக் கழித்தல் கணக்குக்கு விதிவிலக்குகள் உண்டு. பள்ளியில் தொடங்குவதற்கு இது போதும்.

கந்தகத்தின் இரண்டு கைகளைக் கவனியுங்கள். உலகத்தின் டயர் தொழிலே அதில்தான் ஓடுகிறது. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்தால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப்போகும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டார். சூடான அடுப்பில் தவறி விழுந்ததால் தெரியவந்தது என்பார்கள். கந்தகம் ஒரு கையால் ஒரு சங்கிலியையும் மறு கையால் பக்கத்துச் சங்கிலியையும் பிடித்து நடுவில் பாலம் போடுகிறது. பிறகு எவ்வளவு இழுத்தாலும் சங்கிலிகள் விலகிப் போகாமல் பழைய இடத்துக்கே திரும்பும். ஒரு கை மட்டும் உள்ள குளோரினால் இந்தப் பாலத்தைப் போட முடியாது.

இப்போது ரப்பர் போய் எங்கும் செம்பனை. நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி போக்கோனியே தொடங்கியது. தோட்டத்தின் பெயரோ தமிழ்!

அயனிப் பிணைப்பைப் பார்க்கச் செம்பனைக்குப் போடும் உர மூட்டையைத் திறந்தால் போதும். செந்நிற உப்புப்போல் இருக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் தொகுதி 1. அதன் வெளிச்சுற்றில் இருப்பது ஒரே எலக்ட்ரான், அதைக் கொடுத்துவிடத்தான் பார்க்கும். குளோரினுக்கு ஒன்று குறைகிறது. இங்கே பங்கு கிடையாது, கொடுக்கல் வாங்கல்தான். கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி, இரண்டும் ஈர்த்து ஒட்டிக்கொள்கின்றன. மழை பெய்தால் இவை தண்ணீரில் பிரிந்து மண்ணில் இறங்கும், வேர் பொட்டாசியத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதே மழையில் ரப்பர் டயர் கரைவதில்லை. இரண்டு வகைப் பிணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை.

பொட்டாசியத்துக்கு அட்டவணையில் 'கே' என்ற சின்னம் ஏன் என்று ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை குழம்பும். மலாயில் படிக்கும் நம் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அங்கே அதன் பெயரே 'காலியம்'. சோடியம் 'நாத்ரியம்', இரும்பு 'ஃபெரும்', ஈயம் 'பிளம்பும்'. பெயரைச் சொன்னால் சின்னம் வந்துவிடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து போனதால் பின்தங்கிவிட்டோம் என்று எண்ணும் மாணவர்கள் இந்த ஒரு சலுகையையாவது கவனிக்கட்டும்.

பழக்குலையை வெட்டிய உடனே ஆலைக்கு அனுப்ப ஏன் அவசரம் என்பதும் வேதியியல்தான். அடிபட்ட பழத்தில் லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பமிலமாக்குகிறது. கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டுக்குமேல் போகக்கூடாது என்பது வாணிப அளவு. ஆலையில் முதல் வேலையாகக் குலைகளை நீராவியில் வேகவைப்பது அந்த நொதியைச் செயலிழக்கச் செய்வதற்கும்தான்.

அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளையை மிரட்ட வேண்டாம். 1869இல் மெண்டலீவ் அதை வரிசைப்படுத்தியபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63 மட்டுமே. தெரியாதவற்றுக்குக் கட்டங்களைக் காலியாக விட்டு, அங்கே வரப்போவது எப்படி இருக்கும் என்றும் எழுதிவைத்தார். அப்படி ஒரு கட்டத்தில் ஜெர்மானியம் 1886இல் வந்து உட்கார்ந்தது. இன்று 118 தனிமங்கள். பள்ளியில் முதல் 20-ஐப் புரிந்துகொண்டாலே பெரும்பாலான கேள்விகளுக்குக் கைவைக்கலாம்.

ரப்பர் பால் இப்போது எளிதில் கிடைக்காது. வீட்டில் பசும்பால் இருக்கும். மூன்று குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள், உடனே திரியும். அதன் புரதத் துகள்களுக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டாவதில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போடுங்கள், மூன்றாவதை அப்படியே விடுங்கள். இரண்டையும் மேசைமேல் வைத்து எது முதலில் கெடுகிறது, ஏன் என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பால்மரம் சீவிய பாட்டி இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். குவளையில் இருப்பதை மட்டும் யாரும் குடித்துவிட வேண்டாம்.