வலி நின்ற பல்

பல்வலியால் பல இரவுகள் உறங்காதிருந்த ஒருவர், வலி தானாகவே அடங்கியதும் மருத்துவரிடம் செல்லும் எண்ணத்தைக் கைவிடுவதுண்டு. அப்பல் நலம் பெற்றுவிட்டது என்பது அவர் நம்பிக்கை. உண்மையில் வலியை உணரும் நரம்பே இறந்திருக்கக்கூடும்.

பல் முழுவதும் எலும்பு போன்ற கெட்டிப் பொருள் அன்று. மேலே இருப்பது எனாமல். மனித உடலிலேயே மிகக் கடினமானது அதுவே. அதன் கீழே டென்டின். நடுவில் பற்கூழ் என்னும் மென்மையான திசு உள்ளது. வேர்நுனியின் நுண்துளை வழியாக நரம்புகளும் குருதிக்குழாய்களும் அதனுள் நுழைகின்றன.

வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைத்துக் குழியாக்குகிறது. குழி ஆழமாகுமுன் கண்டறிந்தால் அடைத்தாலே போதும். கிருமிகள் பற்கூழை எட்டினால் அது வீங்க முற்படும். சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்க இடமேது? விண்விண்ணென்று தெறிக்கும் வலி அதனால்தான். குளிர்நீர் பட்டு எழும் கூச்சம் நீரை விழுங்கிய பின்னும் நீடித்தாலோ, காரணமின்றி இரவில் வலித்தாலோ, ஈற்றில் சீழ்க்கொப்புளம் தோன்றினாலோ காலந்தாழ்த்தலாகாது. கிராம்பு எண்ணெய் சற்றே மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே. பற்கூழ் இறந்தபின் குருதியோட்டமும் நின்றுவிடுவதால், விழுங்கும் மாத்திரையின் மருந்து பல்லின் உட்புறத்தை அடைவதில்லை. கிருமிகளோ வேர்நுனி வழியே தாடையெலும்புக்குப் பரவுகின்றன.

பற்கூழ் மீள இயலாதவாறு கெட்டுவிட்டால் செய்யப்படுவதே வேர்க்குழாய்ச் சிகிச்சை. மக்கள் வழக்கில் ‘ரூட் கெனால்’. மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படம் பார்த்து, மரத்துப்போக ஊசியிட்டு, பல்லின் மேற்புறம் துளையிடுவார். சிகிச்சை பெருந்துன்பம் தரும் என்று அஞ்சுவோர் பலர். அவர்கள் அஞ்சவேண்டியது சிகிச்சைக்கு முந்தைய வலியையே. மெல்லிய அரங்களால் குழாய்களைச் சுரண்டிக் கிருமிநீக்கி நீரால் கழுவுவார்கள். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு குழாயே இருக்கும்; கடைவாய்ப்பல்லில் மூன்று, நான்கு இருப்பதால் நேரம் கூடும். பின்னர்க் குழாய்களைக் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அடைப்பார்கள். மலேயாப் பகுதி மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் இப்பொருள்தான் 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் உறையாயிற்று.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கவே நேரும். காப்பாற்றிய கடைவாய்ப்பல்லுக்கு உறை போடுவது இன்றியமையாதது. குழியும் துளையும் அதன் வலுவைக் குறைத்துவிடுவதால், உறையில்லாப் பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போதே உடையலாம்.