போலீசும் ஆபீசும் ஏன் ரைம் ஆகாது?

போலீஸ், ஆபீஸ். தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. ஒரு பாட்டில் அடுத்தடுத்த அடிகளின் கடைசியில் வைத்தால் நம் காது மறுப்புச் சொல்லாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதில் இவை ரைம் ஆவதில்லை. அவருக்குப் போலீசுடன் சேரும் சொல் 'பீஸ்'. ஹோட்டலும் டோட்டலும் இதே கதைதான். நமக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவருக்கோ ஹோட்டலின் ஜோடி 'பெல்', 'டெல்'.

காரணம் அழுத்தம். ஒன்றுக்கு மேற்பட்ட அசைகள் உள்ள ஆங்கிலச் சொல்லில் ஏதாவது ஓர் அசை மற்றவற்றைவிடப் பலமாக ஒலிக்கும். போலீஸில் பலம் இரண்டாம் அசையில்: ப-லீஸ். ஆபீஸில் முதல் அசையில். அடுத்து வரும் 'இஸ்' வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். ஹோட்டலை அவர்கள் 'ஹோ-டெல்' என்று பின்பாதியை அழுத்திச் சொல்வார்கள், டோட்டலில் முன்பாதியை அழுத்துவார்கள். ஆங்கில ரைமின் விதி இந்த அழுத்தத்தில்தான் தொடங்குகிறது. அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவு வரை எல்லா ஒலிகளும் ஒத்திருக்க வேண்டும். அந்த உயிரொலிக்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் மாற வேண்டும்.

'ரன்னிங்', 'சிட்டிங்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 'இங்' என்று முடிந்தாலும் ரைம் இல்லை. அழுத்தம் விழுவது 'ர'விலும் 'சி'யிலும். அந்த உயிரொலிகள் வேறு வேறு. ரன்னிங்குக்குக் 'கன்னிங்' சேரும், சிட்டிங்குக்கு 'ஹிட்டிங்' சேரும். 'நேஷன்', 'ஸ்டேஷன்' சரியான ரைம். கடலைக் குறிக்கும் 'சீ'யும் பார்ப்பதைக் குறிக்கும் 'சீ'யும் அப்படியல்ல. முன்மெய்யும் ஒன்றாகிவிட்டதால் அது ஒரே ஒலியைத் திரும்பச் சொல்வதாகிவிடுகிறது. பிரெஞ்சுக் கவிஞர்கள் இத்தகைய ஒப்புமையை விரும்பி ஏற்பார்கள், ஆங்கிலக் காது பொதுவாக ஏற்பதில்லை.

பலரும் ரைமை எதுகை என்று சொல்லிவிடுகிறோம். எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வருவது. அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதற்கு நம் யாப்பில் இயைபு என்று பெயர். ரைமுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் இயைபுக்கு எழுத்து ஒத்தால் போதும். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பவே முடியாது.

ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் சொற்களைப் பாருங்கள்: தோ, த்ரூ, காஃப், ரஃப், பௌ. ஐந்துக்கும் வால் ஒன்று, ஒலி ஐந்து விதம். ஒன்றோடொன்று ரைம் ஆவது எதுவுமில்லை. மறுபக்கம் ப்ளூ, ஷூ, டூ, த்ரூ என்ற நான்கையும் ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கு வெவ்வேறு முடிவுகள். காதுக்கு நான்கும் ஒன்று. எழுத்து எப்படி இருந்தாலும் ரைமுக்குக் கவலையில்லை. ஒலி மட்டுமே அதற்குக் கணக்கு.

எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இங்கேதான் இருக்கிறது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில், ஏறத்தாழ 1400-க்கும் 1700-க்கும் இடையில், மக்கள் வாயில் நெடில் உயிரொலிகள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்தன. 'நேம்' என்று இன்று நாம் சொல்லும் சொல் பழைய ஆங்கிலக் கவிஞர் சாஸரின் காலத்தில் கிட்டத்தட்ட 'நாமெ'. எழுத்து பழைய இடத்திலேயே நின்றது, ஒலி நகர்ந்து போனது. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத அந்தக் காலத்து உச்சரிப்பை இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? கவிஞர்கள் எவற்றை ரைமாக வைத்தார்கள் என்பது முக்கியமான சாட்சி.

ஷேக்ஸ்பியர் 'லவ்' என்ற சொல்லையும் 'ப்ரூவ்' என்ற சொல்லையும் ரைமாக வைப்பார். இன்றைய உச்சரிப்பில் அது தட்டுகிறது. கண்ணுக்காக அப்படி எழுதினார் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுண்டு. அவர் காலத்தில் இரண்டும் குறுகிய உயிரொலியோடு காதுக்கே பொருந்தின என்கிறார் மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல். 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 154 சானெட் கவிதைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இன்று தட்டும் ரைம் ஒன்றாவது இருக்கிறது. பழைய உச்சரிப்பை மீட்டு வாசித்தால் அவை சீராகிவிடுகின்றன. 2004-இல் லண்டன் குளோப் அரங்கில் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தை அந்த உச்சரிப்பிலேயே நடித்துக் காட்டினார்கள். அந்த உச்சரிப்பை வகுத்துத் தந்தவர் கிறிஸ்டல்தான்.

அலெக்சாண்டர் போப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேநீரைக் குறிக்கும் 'டீ'யை 'ஒபே' என்ற சொல்லோடு ரைம் ஆக்கினார். அப்போது அது 'டே' என்றே ஒலித்தது என்பதற்கு அந்த ஜோடியே ஆதாரம். ஜான் கீட்ஸ் 1817-இல் முட்களைக் குறிக்கும் 'தோர்ன்ஸ்' என்ற சொல்லை மான்குட்டிகளைக் குறிக்கும் 'ஃபான்ஸ்' என்ற சொல்லோடு சேர்த்தார். 'தோர்ன்ஸ்' எழுத்தில் ஆர் இருக்கிறது, 'ஃபான்ஸ்' எழுத்தில் இல்லை. படிப்பில்லாத லண்டன் பேச்சு என்று இந்த வகை ரைமைப் பழித்தவர்கள் உண்டு. இன்று தென் இங்கிலாந்தில் படித்தவர்கள் உட்படப் பெரும்பாலோர் அந்த ஆரைச் சொல்வதில்லை. காலம் கீட்ஸின் காதுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிட்டது. ஆனால் அமெரிக்கர் பெரும்பாலோருக்கு அது இன்றும் ரைம் அல்ல. ஒரே மொழி என்றாலும் ஊருக்கு ஊர் ரைம் வேறு.

ஆங்கிலக் கவிதை தொடக்கத்திலிருந்தே ரைமில் நடந்ததல்ல. 'பேவுல்ஃப்' போன்ற பழைய ஆங்கிலக் கவிதைகள் மோனையில் கட்டப்பட்டவை. அடியின் இரு பாதிகளையும் சொல்லின் முதல் ஒலி இணைத்தது. இறுதி ரைம் பெரிதும் லத்தீன் துதிப்பாடல்கள் வழியாகவும் 1066-க்குப் பின் ஆட்சிக்கு வந்த பிரெஞ்சு வழியாகவும் வேரூன்றியது. பிறகு அதை எதிர்த்தவர்களும் வந்தார்கள். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667-இல் வெளியானபோது, ரைம் ஏன் இல்லை என்று வாசகர் பலர் குழம்பியதால் அடுத்த ஆண்டுப் பிரதிகளில் அவர் ஒரு விளக்கம் சேர்க்க வேண்டியிருந்தது. ரைம் ஒரு நாகரிகமற்ற காலத்தின் கண்டுபிடிப்பு என்று கடுமையாகவே எழுதினார்.

கவிஞர்கள் சலித்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. உயிரொலியில் முடியும் சொற்கள் நிறைந்த இத்தாலிய மொழியில் ரைம் கொட்டிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் பஞ்சம். 'மன்த்' என்ற சாதாரணச் சொல்லுக்கு முழு ரைம் கிடையாது, 'ஆரஞ்ச்' பழத்துக்கும் அப்படியே. 'லவ்' என்ற சொல்லுக்கு இருக்கும் ஜோடிகளை, புறாவைக் குறிக்கும் 'டவ்', கையுறையைக் குறிக்கும் 'க்ளவ்' உட்பட, விரல்விட்டு எண்ணிவிடலாம். எத்தனையோ காதல் பாட்டுகளில் புறா பறப்பதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். இதனால்தான் அரைகுறை ரைம் ஒரு கலையாக வளர்ந்தது. எமிலி டிக்கின்சன் அப்படி எழுதியவற்றை, அவர் இறந்தபின் 1890-இல் பதிப்பித்தவர்கள் பிழை என்று நினைத்துச் சில இடங்களில் 'திருத்தி'யும் விட்டார்கள். அவருடைய காதை நம்பியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்ட வில்ஃப்ரெட் ஓவன், மெய்யொலிகளை அப்படியே வைத்து நடு உயிரொலியை மட்டும் மாற்றினார். 'லேக்', 'லைக்' என்பதுபோல. பொருந்திவிடும் என்று காது காத்திருக்கிறது, பொருந்தாமல் நழுவுகிறது. போர்க்களத்தைச் சொல்ல அந்த ஏமாற்றம் அவருக்குத் தேவைப்பட்டது. இன்றைய ராப் பாடகர்கள் ஒரே அடிக்குள் நான்கைந்து அசைகளைத் தொடர்ச்சியாக ஒலிக்கவைக்கிறார்கள். 'ஆரஞ்ச்' என்ற சொல்லையே இரண்டாகப் பிளந்து 'டோர் ஹின்ஜ்' என்பதோடு சேர்க்க முடியும் என்று எமினெம் 2010-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் செய்தே காட்டினார்.

கவிதைக்கு வெளியேயும் ரைமுக்கு வேலை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய 400 பேரிடம் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 'பின், வின், டின், கப்' என்றால் 'கப்' விலகி நிற்கிறது என்று குழந்தை சொல்ல வேண்டும். பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1983-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்தச் சிறு வயதில் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னால் நின்றார்கள். யுகேஜி பிள்ளைகள் கைதட்டிப் பாடும் ரைம்ஸை வெறும் விளையாட்டு என்று ஒதுக்காமல் இருக்க இது போதும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க வைப்பதோடு நிற்காமல், 'இதோடு சேரும் இன்னொரு சொல் சொல்லு' என்று கேட்பதுதான் பலன் தரும் பகுதி. டாக்டர் சூஸ் 1957-இல் வெறும் 236 சொற்களை வைத்து 'தி கேட் இன் தி ஹேட்' எழுதியதும் வாசிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்காகத்தான். அடுத்த அடியின் கடைசிச் சொல்லைக் குழந்தை ஊகிக்கிறது, ஊகித்ததைத் தாளில் பார்த்து உறுதி செய்துகொள்கிறது.

ரைம் ஏமாற்றவும் செய்யும். 2000-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், மெக்லோனும் தோஃபிக்பக்ஷும் ரைம் உள்ள பழமொழிகளையும், அதே கருத்தை ரைம் இல்லாமல் மாற்றி எழுதிய வடிவங்களையும் மாணவர்களிடம் தந்தார்கள். பொருள் ஒன்றுதான், ஆனால் ரைம் உள்ளதையே 'உண்மைக்கு நெருக்கமானது' என்று மதிப்பிட்டார்கள். சொல்லின் அழகையும் கருத்தையும் பிரித்துப் பாருங்கள் என்று எச்சரித்தபோது அந்தச் சாய்வு குறைந்தது. விளம்பர வாசகங்களும் தேர்தல் முழக்கங்களும் இந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து கற்ற நமக்கு ரைம் வேறொரு வகையிலும் கைகொடுக்கும். ஒரு சொல்லின் உச்சரிப்பில் ஐயம் வந்தால், அதனோடு எது ரைம் ஆகும் என்று தேடிப் பழகுங்கள். சொன்னதைக் குறிக்கும், 'செட்' என்று ஒலிக்கும் சொல்லை 'செய்ட்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு, அது 'பெட்'டோடு சேரும், 'பெய்ட்'டோடு சேராது என்று ஒருமுறை சொன்னால் போதும். புதைப்பதைக் குறிக்கும் 'பெரி' என்ற சொல் 'வெரி'யோடு சேரும். எழுத்தில் யூ இருப்பதால் 'ப்யூரி' என்று நீட்ட வேண்டியதில்லை. ரத்தத்தைக் குறிக்கும் 'ப்ளட்' 'மட்'டோடு சேரும், எழுத்தில் ஒத்திருக்கும், உணவைக் குறிக்கும் 'ஃபூட்'டோடு சேராது. 'கிட்டார்' 'கார்' என்பதோடு சேரும் என்று தெரிந்துவிட்டால் அழுத்தம் பின்பாதியில் என்பதும் கூடவே தெரிந்துவிடும். 'பலூன்' 'மூன்' என்பதோடு சேர்வதும் அதையே சொல்கிறது. ரைம் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டு எழுதாதவர்களும் தாராளமாகப் புரட்டலாம்.