நன்னடத்தை விதியிலிருந்து பிணைப்பு ஒப்பந்தத்திற்கு: திண்டுக்கல் ஆடைத் தொழிலில் பணியிட அறம்

முன்னுரை

பெருநிறுவனங்கள் மனித உரிமைகளைப் பேணுகின்றன என்பதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, அவை வெளியிடும் நன்னடத்தை விதித்தொகுப்பே ஆகும். எழுத்தளவில் அவ்விதிகளில் குறைகாண்பது அரிது. ஆனால் அவை மீறப்படும்போது தொழிலாளி யாரிடம் முறையிடுவது, முறையீடு புறக்கணிக்கப்பட்டால் இழப்பு யாரைச் சாரும் என்னும் வினாக்களுக்கு அவற்றில் தெளிவான விடை இருப்பதில்லை. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இவ்வினாக்களை நேரடியாக எதிர்கொண்டது. அதன் பின்னணியையும் செயல்முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் தணிக்கையும்

ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட வணிகம், மனித உரிமை குறித்த வழிகாட்டு நெறிகள் 31. உரிமைகளைக் காப்பது அரசின் கடமை, அவற்றை மதிப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிப்புற்றோர்க்குத் தீர்வு கிடைக்க வேண்டும் என்னும் மூன்று தூண்களின்மீது அவை நிற்கின்றன. மூன்றாவது தூணே நடைமுறையில் மிகவும் மெலிந்தது.

இந்தியாவில் 1997-ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு அமைதல் வேண்டும். அதில் பாதிப்பேரேனும் பெண்களாகவும் ஒருவர் வெளியாளாகவும் இருத்தல் வேண்டும். புகாரை மூன்று மாதங்களுக்குள் எழுத்துவடிவில் அளிக்க வேண்டும். எழுத இயலாதவர்க்குக் குழுவினர் உதவ வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. தையல் லைனில் அன்றைய டார்கெட்டை விதிப்பவரும், விடுப்புக்கு இசைவு தருபவரும் சூப்பர்வைசரே. அவர்மீதான புகாரை நிர்வாகம் அமைத்த குழுவிடம் எழுதிக் கொடுப்பது, அன்றாடக் கூலியை நம்பி வாழும் பெண்ணுக்கு எளிதன்று.

அயல்நாட்டு வணிக நிறுவனங்கள் இவ்விடைவெளியைச் சமூகத் தணிக்கையால் நிரப்ப முயன்றன. தணிக்கையாளர் ஓரிரு நாள் ஆலையைப் பார்வையிட்டு, பதிவேடுகளைச் சரிபார்த்துச் சான்றளிப்பார். கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை இத்தகைய சான்றிதழைப் பெற்ற சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பர் 11-இல், தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்பானும் வெளியேறும் வழியும் கண்ணுக்குப் புலப்படுபவை. அவற்றையே உரியவாறு காணத் தவறிய முறை, லைனுக்குள் தாழ்ந்த குரலில் விடுக்கப்படும் மிரட்டலை எங்ஙனம் காணும்?

திண்டுக்கல் நிகழ்வு

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் இயங்கிய நாச்சி அப்பேரல் ஆலையில் பணிபுரிந்த இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அவ்வழக்கில் கைதானார். ஆலை, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு ஆடை தைத்து அனுப்பியது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், குடும்பத்தாருடன் இணைந்து நீதி கோரியது. ஓராண்டுக்கு மேல் நீண்ட பேச்சுவார்த்தையின் பயனாகச் சங்கத்திற்கும் ஈஸ்ட்மேனுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய மூன்றும் சங்கத்துடனும் அதன் பன்னாட்டுக் கூட்டாளிகளுடனும் தனித்தனியே கையெழுத்திட்டன.

ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019-இல் லீவைஸ் முதலான நிறுவனங்கள் ஏற்ற உடன்பாடு இதற்கு முன்னோடி. திண்டுக்கல் ஒப்பந்தத்தின் தனித்தன்மை, பாலினத்துடன் சாதியையும் புலம்பெயர்வு நிலையையும் பாகுபாட்டின் காரணிகளாகப் பெயர்சொல்லிக் குறித்தமையாகும். பன்னாட்டு நிறுவனங்களின் விதித்தொகுப்புகளில் சாதி என்னும் சொல் இடம்பெறுவது அரிது என்பதால் இது சிறப்பாகக் கருதத்தக்கது.

செயல்முறை

ஒப்பந்தத்தின் உயிர்நாடி லைனில் உள்ளது. ஏறத்தாழ 25 தொழிலாளர்க்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் பயிற்சி பெற்று, வசைச்சொல்லையும் சீண்டலையும் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கின்றனர். பக்கத்துத் தையல் மெஷினில் அமர்ந்திருப்பவரிடம் வாய்ச்சொல்லாகக் கூறினாலும் முறையீடு தொடங்கிவிடுகிறது. அங்கே தீராதவை நிர்வாகத்துடனான பேச்சுக்கும், தேவைப்பட்டால் சார்பற்ற மதிப்பீட்டாளர்க்கும் செல்லும். முறையிட்டவரைப் பழிவாங்குவதும் மீறலாகவே கொள்ளப்படும்.

இவ்வளவும் நல்ல விதித்தொகுப்பு ஒன்றில் எழுதத்தக்கவையே. வேறுபாடு, மீறலின் விளைவில் உள்ளது. ஆலை ஒப்பந்தத்தைக் கடைப்பிடிக்கத் தவறினால் கையெழுத்திட்ட நிறுவனங்கள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டுள்ளன. அது அவற்றின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆடைத் தொழிலில் ஆர்டரே அதிகாரம் ஆதலின், இச்சரத்தின்றி ஏனைய சரத்துகள் வலுவிழக்கும்.

வணிக அழுத்தம் வேறொரு வகையிலும் வெளிப்பட்டது. கட்டாய உழைப்பு குறித்த ஐயத்தின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் நாச்சி அப்பேரல் சரக்குகளைத் தடுத்து நிறுத்த ஆணையிட்டது. ஒப்பந்தம் அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் வழியே மேற்கொள்ளப்பட்ட சீர்திருத்தங்கள் எடுத்துக்காட்டப்பட்டபின், அவ்வாண்டு செப்டம்பரிலேயே தடை விலக்கப்பட்டது.

முறையீட்டு எண்ணின் பொருள்

ஒப்பந்தத்தின் முதலாண்டு அறிக்கை 185 முறையீடுகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. இவ்வெண்ணைச் சீர்கேட்டின் அளவாகக் கொள்வது பிழையாகும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்கு அளிக்கும் பொறுப்பு அறிக்கையில் பாலியல் துன்புறுத்தல் புகார்களின் எண்ணிக்கையையும் தருதல் வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரியும் நிறுவனம் அங்கே சுழியம் என எழுதுமாயின், ஆராயப்பட வேண்டியது அந்நிறுவனத்தின் புகார்முறையே எனலாம்.

ஒப்பந்தத்தின் எல்லை குறுகியது. அது ஈஸ்ட்மேனின் திண்டுக்கல் ஆலைகளை மட்டுமே தழுவுகிறது. அதே ஊர்களிலிருந்து வேறு பேருந்துகளில் ஏறி அண்டைப் பஞ்சாலைகளுக்கு ஷிப்டுக்குச் செல்லும் பெண்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளகக் குழுவுமே இன்னும் துணை.