வயிறும் தெருவும் – 6: விரதம் நிற்கிறது, டயட் ஏன் நிற்பதில்லை?

பெயர்ப்பலகையில் லெபோ பாசார். பினாங்கின் பழைய தமிழர்களுக்கு அது கடைத் தெரு. மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் நடந்தால் கண்ணுக்கு முந்தி மூக்கும் காதும் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கிப் பாட்டை மீறி எண்ணெய் இரையும் சத்தம் கேட்கும். வாணலியில் வடை புரண்டுகொண்டிருக்கும். பக்கத்துத் தட்டில் சமோசா சூடு ஆறாமல் கிடக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிலேபியும் லட்டும் அடுக்கியிருக்கும். நாலு எட்டு தள்ளி ஒருவர் தே தாரிக் என்னும் பால் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு முழ நீளத்துக்கு இழுத்து ஊற்றிக்கொண்டிருப்பார். ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியா இதுதான். இங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு தடவை அவர் இந்த வழியாகத்தான் போய்வர வேண்டும்.

முதல் வாரம் நன்றாகவே போகும். காலையில் ஓட்ஸ், மதியம் வீட்டுச் சாப்பாடு, இரவில் இரண்டு சப்பாத்தி. இரண்டாவது வாரம் ஒரு கல்யாணம் வரும். மூன்றாவது வாரம் கடையில் சரக்கு இறங்கி, கணக்கு முடிக்க இரவு பத்தாகிவிடும். வீட்டுக்குப் போகிற வழியில் நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றுக் கடையின் வெளிச்சம். அன்றைக்கு அளவு மீறும். “கெட்டதுதான் கெட்டுப்போச்சு, திங்கக்கெழமையிலேருந்து பாத்துக்கலாம்” என்று மனசு சொல்ல, மறுநாளும் மீறும்.

இந்தத் ‘திங்கக்கெழமை’யை ஆராய்ச்சிக் கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலரை அழைத்து முதலில் மில்க்ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டியதைச் சாப்பிட்டுச் சுவையை மதிப்பிடுங்கள் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் வயிறு நிறைந்த அளவுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாழ்ந்தவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள். கோடு ஒருமுறை தாண்டப்பட்டதும் கோடே இல்லாததுபோல் ஆகிவிட்டது.

அப்புறம் தொடங்கும் புலம்பல் நம் எல்லார் வீட்டுக்கும் தெரிந்ததுதான். எனக்கு வாய்க்கட்டு இல்லை, நான் ஒரு சோத்து மாடு, என்னால் ஒன்றும் முடியாது. பெண்களுக்கு இந்தப் பழி இன்னும் கனமாக விழுகிறது. பிள்ளை பெற்ற உடம்பைப் பற்றி ஊரே கருத்துச் சொல்லும்.

ஆனால் தை மாதத்துக்கு முன் இதே மனிதரைப் பாருங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டிருக்கிறார். வாரக்கணக்கில், சிலர் 48 நாள் வரையில், கறி மீன் தொடுவதில்லை. பலர் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே கடைத் தெரு, அதே வடை வாணலி, அதே பத்து மணி நாசி கண்டார் வெளிச்சம். அவர் பாட்டுக்குக் கடந்து போகிறார். ரமலான் மாதத்தில் தமிழ் முஸ்லிம்களும் அப்படியே. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பெரிய பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும் வாசனை பிற்பகலிலேயே வெளியே வரும். நோன்பு வைத்தவர் மாலை பாங்கு கேட்கும்வரை தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். ஒரு மாதம் முழுவதும் இப்படி இருக்க முடிகிற ஒருவரை வாய்க்கட்டு இல்லாதவர் என்று எந்த வாயால் சொல்வது?

மனவுறுதி குறைவு என்ற விளக்கம் இந்த இடத்தில் உடைந்து போகிறது. அந்த மனிதரிடம் உறுதி இருக்கிறது. வேறெதுவோ இல்லை.

விரதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதற்குத் தொடக்க நாள் உண்டு, முடிகிற நாளும் உண்டு. விதி தெளிவானது. ‘கறி கிடையாது’ என்பதில் தினமும் பேரம் பேச இடமில்லை. ‘அளவாகச் சாப்பிடு’ என்ற மருத்துவ அறிவுரையிலோ ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு பேரம் நடக்கும். விரதம் தொடங்கியதும் வீட்டு அடுப்படியே மாறிவிடுகிறது. அம்மாவோ மனைவியோ பாத்திரத்தைத் தனியாகக் கழுவி வைக்கிறார்கள். மொத்தக் குடும்பமும் சைவத்துக்கு மாறிவிடுகிறது. சக ஊழியர் கோழிப் பொரியலை நீட்டமாட்டார். “விரதம்ணே” என்ற ஒரு சொல் போதும், நீட்டிய கை தானாக இறங்கும். “டயட்ல இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். “இன்னிக்கு ஒரு நாள்தானே, சும்மா சாப்பிடு” என்று தட்டில் இன்னொரு துண்டு விழும். கடைசியில் அத்தனை நாளும் போய்ச் சேருகிற ஓர் இடமும் இருக்கிறது. பூசத்துக்கு முதல்நாள் விடியலில் லெபோ பினாங்கிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், 2017 முதல் லெபோ குயின் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலை முருகன் கோவிலை நோக்கிப் புறப்படும்போது, அவரோடு ஒரு நகரமே நடக்கிறது.

டயட் இருப்பவரோ தனியாள். எதிரில் ஒரு தெருவே திரண்டு நிற்கிறது.

அந்தத் தெருவின் சாப்பாடு எதற்காக உண்டானது என்பதையும் சொல்ல வேண்டும். நாசி கண்டாரைக் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தோளில் ஒரு கம்பு, ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புப் பாத்திரம், ஏறக்குறைய காவடி மாதிரியே. அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பெயர். சுமந்துபோய் விற்றது துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கு. கடைத் தெருவிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். படகிலிருந்து இறங்கிய அரிசியையும் மிளகையும் முதுகில் சுமந்து கிட்டங்கியில் சேர்த்த உடம்புக்கு அந்தச் சோறும் கொழுப்பும் தேவைப்பட்டன. ஒரே வேளையில் வயிறு நிறைய வேண்டும், சாயங்காலம்வரை தாங்க வேண்டும். பிற்பாடு சரக்குக் கப்பல்கள் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டன. மூட்டை தூக்கியவரின் பேரன் இன்று கணினி முன் உட்கார்ந்திருக்கிறார். சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்திலேயே நின்றுவிட்டது.

கடை முகப்பில் நின்று கவனித்தால் தெரியும். பரிமாறுபவர் தட்டில் முதலில் சோற்றைக் கவிழ்ப்பார். கோழியா, கணவாயா, இறாலா என்று ஒரு பார்வை. நாம் விரலை நீட்டுவதற்குள் துண்டு தட்டில் இருக்கும். இரண்டு வெண்டைக்காய், அரை உப்பு முட்டை. பிறகுதான் முக்கிய வேலை. கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, ஆட்டுக் குழம்பில் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயோடு ஒரு கரண்டி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. சோறு குழம்பில் முழுகும்வரை கை நிற்காது. ‘குவா பஞ்சிர்’ என்று மலாயில் சொல்வதற்கு ‘குழம்பு வெள்ளம்’ என்றே பொருள். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்பதை அந்தக் கரண்டி தீர்மானித்துவிட்டது. சாப்பிடுபவர் செய்ய மிச்சமிருப்பது தட்டைக் காலி செய்வதுதான். தட்டில் மிச்சம் வைப்பதைக் குற்றமாக நினைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம்.

மலேசிய சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருந்தது. இந்தியர்களின் நிலை இதைவிட மோசம். 2019 ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு, அந்த நோய் இருந்தது. நம் உடம்பின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் உடம்பையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாக இருக்கும் நம்மவருக்குள்ளும் கொழுப்பு பதுங்கியிருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

சரி, விரதத்தைப் போலவே ஒரு டயட்டை இறுக்கிப் பிடித்தால் போதுமா? அங்கேயும் உடம்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மெல்பர்னில் செய்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில் 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் இருந்து சராசரியாகப் பதின்மூன்றரை கிலோ இறங்கினார்கள். ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் இறங்கவில்லை, நிறைவைச் சொல்லும் லெப்டின் பழைய அளவுக்கு ஏறவில்லை. இழந்த எடையை மீட்க உடம்பு ஓராண்டாகப் போராடிக்கொண்டிருந்தது. இன்னும் பின்னால் போனால், 1944-45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். பகலும் இரவும் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. கட்டுப்பாடு நீங்கியதும் அளவில்லாமல் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். நோன்பு முடிந்த பெருநாளிலும் பூசம் முடிந்த மறுநாளிலும் நம் தட்டுகள் நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆகவே விரதத்தின் பட்டினியைக் கடன் வாங்கிப் பயனில்லை. இனிப்புநீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தத்தில் சீனி சரிந்து மயங்கி விழலாம். வாங்க வேண்டியது விரதத்தின் மற்றப் பாதி: தெளிவான சின்ன விதி, கூட நிற்கும் வீடு, கையை நீட்டாத தெரு.

தெருவை மாற்றலாமா என்று பினாங்கிலேயே கேட்டவர்கள் இருக்கிறார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகச் சீனியைப் பற்றிச் சலிக்காமல் எச்சரித்து வருகிறது. 2019 மே மாதம் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்து, தம் கடைசி ஆண்டுகள் வரை அதன் தலைவராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த முகைதீன் அப்துல் காதர் 2024-இல், இருபத்துநாலு மணிநேர உணவகங்களுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொண்டார். நாடெங்கும் வாக்குவாதம் கிளம்பியது. இரவு வேலை முடிந்து வருபவர் எங்கே சாப்பிடுவார், கடையில் வேலை செய்பவர் பிழைப்பு என்னாவது என்று முஸ்லிம் உணவக உரிமையாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் சங்கம் சொன்னதன் உள்ளே இருந்த உண்மை அதைவிடப் பெரியது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கொதிக்கும் குழம்பு எதிரில் இருக்கும்போது தனிமனிதனைப் பார்த்து ‘உன்னை நீயே கட்டுப்படுத்திக்கொள்’ என்பது நேர்மையான அறிவுரை அல்ல. விடிய விடியக் கடைகள் இன்றும் திறந்துதான் இருக்கின்றன.

அரசு தொட்டது புட்டிப் பானங்களை. 2019 ஜூலை முதல் தேதி சீனிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025 தொடக்கத்தில் அது 90 சென்னாக உயர்ந்தது. தே தாரிக்கை அந்த வரி எட்டாது, அது கடையிலேயே கலக்கப்படுவது. கோப்பையின் அடியில் வெள்ளையாக இறங்குகிறதே கெட்டிப்பால், அதில் பாதியளவு சீனி. பல டின்களில் இருப்பது பால்கூட இல்லை, செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புக் கிரீமர். காலை, பதினொரு மணி, மாலை, இரவுச் சாப்பாட்டுக்கு மேல் என்று நாலு கோப்பை போனால், சோற்றைக் குறைத்த பலன் அங்கேயே கரைகிறது. விதி வைப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘வெளியில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மட்டும்’ என்பது ‘கறி கிடையாது’ மாதிரி தெளிவான விதி. பேரத்துக்கு இடமில்லை. பத்து நாளில் நாக்குக்கும் பழகிப்போகும்.

ஒரு கூட்டத்தினரைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பசியே இல்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில், வயிறு வலிக்கும்வரை தின்றுவிட்டு வெட்கத்தில் குமைகிறவர்கள். இது அடிக்கடி நடந்தால் அதை நோயாகவே மருத்துவ உலகம் வகைப்படுத்தியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. இவர்களுக்கு இன்னொரு டயட் அட்டவணை கொடுப்பது எரிகிற வீட்டில் விறகு வைப்பது போல. மனநல ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் வெட்கப்படாமல் போக வேண்டிய விஷயம் இது. வீட்டார் கேலி செய்யாமல் இருப்பது பாதி மருந்து.

நம் துணிக்கடைக்காரர் இன்றிரவும் பத்து மணிக்குத்தான் வெளியே வருவார். பட்டினியாக வந்தால் கதை பழைய கதைதான். ஆறு மணிக்கே வீட்டிலிருந்து ஒரு டப்பா சுண்டல் வந்திருந்தால், கண்டார் முகப்பில் நிற்கும்போது வாய் கொஞ்சம் நிதானமாகப் பேசும். அவர் சொல்ல வேண்டியதைக் கரண்டி குழம்புச் சட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

“அண்ணே, சோறு பாதி போதும். குழம்பு தனியா வைங்க. வெண்டைக்காய் கூடப் போடுங்க.”

“பாதி போதுமா? வேற?”

“வேற ஒண்ணும் வேண்டாம்ணே. தே ஓ கோசோங்.”

தட்டு வந்ததும் முதலில் வெண்டைக்காயைச் சாப்பிடுகிறார், அடுத்து மீன், கடைசியில் சோறு. மாவுச்சத்தைக் கடைசியில் தின்றால் ரத்தத்தில் சீனி அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை என்று நியூயார்க்கில் நீரிழிவுக்காரர்களை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்று காட்டியது. எதிர் மேசையில் குழம்பு வெள்ளத்தில் முழுகிய தட்டு ஒன்று வந்து இறங்குகிறது. அவர் அதை ஒரு முறை பார்க்கிறார். பிறகு கைப்பேசியை எடுத்து, நாளைக்கும் சுண்டல் அனுப்பச் சொல்லி வீட்டுக்குக் குரல்பதிவு அனுப்புகிறார்.

அடுத்த வாரம்: தீபாவளிக்கு முந்தைய இரவு, முறுக்கு டின்கள் நிரம்பிக்கொண்டிருக்கும் அடுப்படி.

(தொடரும்)